ஆசிரியரும் மாணவரே

கல்வியைப் பற்றி ஆராய்ந்த முன்னோருள் இப்னு கல்தூன் தனியிடம் பெற்றவர். கி.பி. 1377-இல் அவர் எழுதிய ‘முகத்திமா’ வரலாற்றியலுக்கு வாயில் திறந்த நூல் என்பதை அறிஞர் உலகம் அறியும். அந்நூலிலேயே கற்பித்தலைப் பற்றியும் அவர் விரிவாக ஆராய்ந்துள்ளார் என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. ஒரு துறையை அறிந்திருப்பது வேறு, அதைப் பிறருக்குக் கற்பிப்பது வேறு. கற்பித்தல் தனியானதொரு தொழில். எல்லாத் தொழில்களையும் போலப் பழகித் தேர வேண்டியது என்பது அவர் முடிபு. நூல்களைச் சுருக்கிச் சுருக்கி மாணவர் மனத்தில் திணிப்பது கல்விக்கே கேடு என்றும், அறிஞர்களை நேரில் நாடிச் சென்று பழகிப் பெறும் அறிவே ஆழ வேரூன்றும் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

இவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் இத்தனை தெளிவாகக் கண்ட உண்மையை, நம் காலத்துப் பள்ளிக்கூட உலகம் தட்டுத் தடுமாறித்தான் கற்று வந்திருக்கிறது. பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் பெற்று ஒருவர் ஆசிரியராகிறார். அதன் பின் முப்பது ஆண்டுகள் கற்பிக்கிறார். அந்த முப்பது ஆண்டுகளில் அவர் எங்கே, யாரிடம், என்ன கற்கிறார்? பணியிடைப் பயிற்சி என்று இன்று வழங்கும் ஏற்பாட்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

ஆங்கிலம், வரலாறு ஆகிய இரு பாடங்களை மட்டும் ஈண்டு எடுத்துக் கொள்வோம். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கக் காரணம் உண்டு. தமிழகத்துப் பள்ளிகள் பலவற்றில் வரலாறு படித்த பட்டதாரி ஆசிரியரிடமே ஆங்கில வகுப்பும் ஒப்படைக்கப்பட்டு வந்தது. இரண்டும் மனப்பாடத்துக்கு எளிதில் இரையாகும் பாடங்கள். ஒன்றில் இலக்கண விதிகளையும், மற்றொன்றில் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பித்துவிட்டால் தேர்வில் தேறிவிடலாம். ஆனால் அவ்வாறு தேறியவர் ஆங்கிலம் பேசவும் அறியார். வரலாற்றை எடைபோடவும் அறியார்.

தொடக்க காலம்

இந்தியாவில் ஆசிரியப் பயிற்சிக்கு அரசு ஆதரவு 1854-ஆம் ஆண்டு வுட் அவர்களின் கல்வி அறிக்கையோடு உறுதிப்பட்டது. சென்னையில் 1856-இல் அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பின்னாளில் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரிக்கு வித்து அதுவே. எனினும் அது பணியில் சேர்வோருக்கான பயிற்சி. சேர்ந்தவருக்கு அதன் பின் வேறெதுவும் இல்லை.

1929-இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை இக்குறையைச் சுட்டியது. ஆசிரியர்களுக்கு அடிக்கடி புத்தொளிப் பயிற்சிகள் நடத்தப்பட வேண்டும் என்றது. அறிக்கை அறிக்கையாகவே நின்றது. விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. அக்குழு 1953-இல் அளித்த அறிக்கையில், புத்தொளி வகுப்புகளும், குறுகிய காலத் தீவிரப் பயிற்சிகளும், செயல்முறைக் கூட்டங்களும், ஆசிரியர் மாநாடுகளும் பயிற்சிக் கல்லூரிகளின் இயல்பான கடமைகளாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதன் பயனாக 1955 முதல் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவுப்பணித் துறைகள் தோன்றின. கல்லூரிப் பேராசிரியர் பள்ளி ஆசிரியரைத் தேடி வரும் வழக்கம் அப்போதுதான் அரும்பியது.

சென்னைப் பனிப்பந்து

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. இலக்கண விதியைச் சொல்லி மொழிபெயர்க்கச் செய்யும் பழைய முறையை விட்டு, வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாய்மொழியாகப் பழக்கும் முறை புகுந்தது. இதனை அமைப்பு முறை என்பர். ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே ‘ஐ ஆம் கோயிங் டு தி டோர்’ என்பார். பிறகு ஒரு மாணவன் நடந்து அதையே சொல்வான். வகுப்பு முழுவதும் ‘ஹி இஸ் கோயிங் டு தி டோர்’ என்று சேர்ந்து சொல்லும். பொருள் கண்முன் நிகழ்வதால் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை என்பது இதன் அடிப்படை. சென்னை மாநிலம் இம்முறையை 1950-களிலேயே ஏற்றது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும், 1963-இல் பெங்களூரில் தென் மாநிலங்களுக்கான வட்டார ஆங்கில நிறுவனமும் எழுந்தன.

பாடத்திட்டத்தை மாற்றுவது எளிது. ஆசிரியரை மாற்றுவது எப்படி? தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் ஏறத்தாழ 27,000 பேர். இத்தனை பேரையும் ஒரு நிறுவனத்தில் அமர்த்திப் பயிற்றுவிக்க எந்த அரசாலும் இயலாது. எனவே பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு வழி வகுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு வல்லுநர்கள் முதலில் பயிற்சி அளிப்பர். அவர்கள் தத்தம் பகுதிக்குத் திரும்பி வேறு பலருக்குப் பயிற்சி அளிப்பர். மலைச்சரிவில் உருளும் பனிப்பந்து போகப் போகப் பருப்பது போல, பயிற்சி பெற்றோர் தொகை பெருகும். ‘மெட்ராஸ் ஸ்னோபால்’, அதாவது சென்னைப் பனிப்பந்து என்ற பெயரிலேயே 1962-இல் ஆங்கிலக் கல்வி இதழொன்று இத்திட்டத்தை உலகுக்கு எடுத்துரைத்தது. பனியையே கண்டறியாத மண்ணில் இப்பெயர் வழங்கியது ஒரு விந்தைதான்.

இத்திட்டத்தின் துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பணிக்காலத்தில் முதன்முறையாக, தம்மைப் போன்ற பிற ஆசிரியர்களோடு அமர்ந்து, தம் தொழிலைப் பற்றிப் பேச வாய்த்தது சிறிய செய்தியன்று. ஆனால் பனிப்பந்து உருளும்போது ஒன்று நேர்ந்தது. முதல் வரிசையில் இருந்தவர், இம்முறை ஏன் தோன்றியது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை வல்லுநரோடு வாதிட்டுத் தெரிந்து கொள்ள முடிந்தது. இரண்டாம், மூன்றாம் வரிசைக்குச் செல்லச் செல்ல, காரணங்கள் உதிர்ந்து சடங்கு மட்டும் எஞ்சும் நிலை உண்டாயிற்று. கதவை நோக்கி ஏன் நடக்க வேண்டும் என்பதை அறியாமல் நடந்து காட்டுவதும், அர்த்தம் புரியாமல் விதியை ஒப்பிப்பதும் ஒன்றுதானே?

நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரை எவ்வாறு ஆராய்ந்தனர் என்பது தெரிந்ததே. தொடர் இருக்கிறது என்பதால் மட்டும் அவர்கள் நிறைவடையவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரை உண்மையில் சந்தித்தாரா, கேட்டதை மறவாமல் காத்தாரா, நம்பத் தகுந்தவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதித்தனர். ஒரு கண்ணி பழுதானாலும் தொடர் முழுவதும் வலுவிழக்கும் என்றனர். பனிப்பந்துத் திட்டம் தொடரை உண்டாக்கியது. கண்ணிகளைச் சோதிக்க அதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பந்து பருத்தது, கூடவே கரைந்தது.

பெங்களூரில் எழுந்த கேள்வி

1970-களில் இம்முறையின் மீது அதிருப்தி பரவியது. வகுப்பில் வாக்கியத்தைத் தவறின்றிச் சொல்லும் மாணவன், வெளியே அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நின்றான். அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, வட்டார ஆங்கில நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1979-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த அது ‘பெங்களூர்த் திட்டம்’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. மாணவர்களுக்கு இலக்கணமும் சொல்லப்படவில்லை. வாக்கியப் பயிற்சியும் தரப்படவில்லை. இரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் உரிய நேரத்தில் சென்று சேரலாம் எனக் கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி காண்பது போன்ற புதிர்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது மொழி தானே படியும் என்பது பிரபுவின் கருத்து.

அக்கருத்தைப் பற்றி இன்றும் வாதங்கள் உண்டு. ஆனால் ஆசிரியரைப் பற்றி அவர் கூறியதே நமக்கு இங்கு முதன்மையானது. எல்லா வகுப்புக்கும் பொருந்தும் சிறந்த முறை என ஒன்று இல்லை. தாம் செய்வதால் மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்பது பற்றி ஆசிரியர் மனத்தில் உயிருள்ள ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும். அனுபவம் வர வர அது மாற வேண்டும். அது உறைந்துபோனால் எவ்வளவு நல்ல முறையும் வெறும் வழக்கமாகிவிடும் என்றார் அவர். பயிற்சியின் நோக்கம் ஒரு முறையைக் கைமாற்றுவது அன்று, ஆசிரியரைச் சிந்திக்க வைப்பதே என்ற தெளிவு இதனால் பிறந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இத்தெளிவு வேறொரு வழியில் வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1974-இல் ஜேம்ஸ் கிரே என்பவர் ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒரு கோடை வகுப்பைத் தொடங்கினார். எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும் என்பதே அவ்வகுப்பின் முதல் விதி. வந்திருந்த ஆசிரியர்கள் கட்டுரை எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை கூறினர். திருத்தி மீண்டும் எழுதினர். ஒரு வெற்றுத்தாளின் முன் மாணவன் படும் பாட்டை ஆசிரியர் தாமே பட்டபோதுதான் கற்பித்தலின் சூட்சுமம் புலப்பட்டது. அச்சிறு வகுப்பு பின்னர் அந்நாடெங்கும் பரவிய ஓர் இயக்கமாயிற்று.

பின்தங்கிய வரலாறு

ஆங்கிலத்துக்குக் கிடைத்த கவனத்தில் பாதியளவும் வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. 1958-இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, கணிதம், அறிவியல், அயல்மொழிகள் ஆகியவற்றின்பால் பணத்தைப் பாய்ச்சியது. வரலாற்று ஆசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் 1964-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அதன் பயிற்சி நிலையங்களுக்குள் நுழைய முடிந்தது. இந்தியாவிலும் 1963-இல் தொடங்கிய கோடைப் பயிற்சி நிலையங்கள் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கே உரியனவாக அமைந்தன. ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்கு இரண்டு அல்லது மூன்று மாதங்களேனும் பணியிடைக் கல்வி பெற வேண்டும் என்று 1966-இல் கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. வரலாற்று ஆசிரியருக்கு அது கனவாகவே இருந்தது. பாடநூலைப் படித்து விளக்கினால் போதுமே, இதற்கென்ன பயிற்சி என்ற எண்ணமே எங்கும் நிலவியது.

இங்கிலாந்தில் இவ்வெண்ணத்தை அசைத்தது, 1972-இல் லீட்ஸ் நகரில் டேவிட் சில்வெஸ்டர் தலைமையில் தொடங்கிய பள்ளி வரலாற்றுத் திட்டம். அதன் முதல் பாடத்தில் அரசரும் இல்லை, போரும் இல்லை. இறந்துபோன ஓர் இளைஞனின் பணப்பையில் இருந்த சீட்டுகளும் துண்டுத் தாள்களும் மாணவர் முன் வைக்கப்படும். இவற்றைக் கொண்டு அவன் யார், இறுதி நாளில் என்ன செய்தான் என்று துப்பறிய வேண்டும். எது சான்று, எது ஊகம், எதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்பதை மாணவன் இதனால் உணர்கிறான். இவ்வாறு கற்பிக்க, முதலில் ஆசிரியர்களே கூடிச் சான்றுகளோடு போராட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் ஏகலவ்யா நிறுவனம் 1980-களில் சமூக அறிவியலில் இத்தகைய முயற்சியை மேற்கொண்டது. இதற்கு முன்னோடியாக ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972 முதல் 2002 வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் கோடைதோறும் பயிற்சியும் மாதந்தோறும் ஆசிரியர் கூட்டமும் இடம்பெற்றன. ஒருமுறை கற்பித்து அனுப்பிவிடாமல், ஆசிரியர் வகுப்பில் செய்து பார்த்து, இடர்ப்பட்டதை மீண்டும் வந்து பேச வழி செய்ததே அதன் வலிமை.

ஒரு கல்லும் இருபத்திரண்டு ஆண்டுகளும்

வரலாற்று ஆசிரியருக்குப் பயிற்சி எதற்கு என்று வினவுவோருக்கு நம் கடற்கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் அரபு எழுத்துப் பொறித்த பழைய கல்லறைக் கற்கள் உள்ளன. அப்படியொரு கல்லில் ஹிஜ்ரி 700 என்ற ஆண்டு காணப்படுவதாகக் கொள்வோம். ஹிஜ்ரி ஆண்டோடு 622-ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு வரும் என்று எண்ணும் ஆசிரியர், அக்கல் கி.பி. 1322-ஐச் சேர்ந்தது என்பார். அது பிழை. சந்திர ஆண்டுக்கு நாட்கள் ஏறத்தாழ 354 மட்டுமே. ஆதலால் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுகளுக்கு ஈடாகும். இவ்வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட்டால் ஹிஜ்ரி 700 என்பது கி.பி. 1300-இன் செப்டம்பரில் தொடங்குவது தெரியும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வளவு பெரிதா என்று கேட்கலாம். மாலிக் காபூரின் படை பாண்டிய நாட்டினுள் புகுந்தது கி.பி. 1311-இல். தவறான கணக்கின்படி அக்கல் படையெடுப்புக்குப் பிந்தியது. சரியான கணக்கின்படி முந்தியது. முந்தியது எனில், படை வரும் முன்னரே இங்கே முஸ்லிம்கள் குடியிருந்து, இறந்து, அடக்கம் செய்யப்பட்டனர் என்பதற்கு அது சான்று. கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் காயலில் தங்கியதை எழுதியதும் இதனோடு பொருந்தும். வாணிகத்தால் வேரூன்றிய சமூகமா, வாளோடு வந்த சமூகமா என்ற பெரிய வழக்கில், ஒரு சிறிய கூட்டல் கணக்கு தீர்ப்பையே மாற்றிவிடுகிறது. இக்கணக்கை அறியாத ஆசிரியர் தீயவர் அல்லர். அவருக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் அவரிடம் பயிலும் நாற்பது மாணவர்கள் தவறான தீர்ப்போடு வீடு திரும்புவர். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருப்பர், நம் அண்டை வீட்டாரின் பிள்ளைகளும் இருப்பர்.

எண்ணிக்கையும் பயனும்

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பயிற்சி பெருந்திரளாக நடக்கலாயிற்று. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. 2019-இல் தொடங்கிய ‘நிஷ்டா’ திட்டம் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களைக் குறி வைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது இணையவழிக்கு மாறியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழில் வளர்ச்சிப் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. ஹார்ட்டாக் குழு கேட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே.

ஆயினும் மணிகளை எண்ணுவது எளிது. அம்மணிகளில் நடந்தது என்ன என்பதே வினா. திரையில் ஓடும் உரையைக் கேட்டு, இறுதியில் நான்கு வினாக்களுக்கு விடையைக் குறித்து, சான்றிதழ் பெறுவது 50 மணி நேரமும் நடக்கலாம். அது பனிப்பந்தின் புதிய வடிவமே. ஆங்கில ஆசிரியர் ஒரு பக்கம் எழுதித் திருத்தம் பெற்றாரா? வரலாற்று ஆசிரியர் ஒரு கல்வெட்டையோ ஆவணத்தையோ தம் கையால் ஆராய்ந்தாரா? கற்றதை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு மீண்டும் கூடிப் பேசினாரா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்கும் பயிற்சியே பயிற்சி. பெங்களூரும் பெர்க்லியும் லீட்ஸும் ஓசங்காபாத்தும் கூறும் பாடம் ஒன்றுதான்: ஆசிரியர் தம் பாடத்தில் தாமே மாணவராகும் இடத்தில்தான் அவர் வளர்கிறார்.

நாம் செய்யத்தக்கது

கல்விக்கூடங்களை நிறுவுவதில் தமிழ் முஸ்லிம் பெருமக்கள் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். கட்டடத்துக்கு வாரி வழங்கும் கரங்கள், ஆசிரியரின் கல்விக்கும் சிறிது வழங்க வேண்டும். பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளின் ஆங்கில, வரலாற்று ஆசிரியர்கள் மாதம் ஒரு பிற்பகல் கூடுவதற்கு நிர்வாகம் விடுப்பு அளித்தால் போதும். பயிற்சிக்குச் சென்று வந்தவரிடம் சான்றிதழைக் கேட்பதை விட்டு, அங்கே என்ன எழுதினீர்கள், என்ன படித்தீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால் போதும்.

பெற்றோரும் உதவ முடியும். இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்று பொருளீட்டிய முன்னோரின் பழைய கடவுச்சீட்டுகள், வணிகக் கடிதங்கள், கணக்கேடுகள் இன்னும் பல இல்லங்களின் பெட்டிகளில் உறங்குகின்றன. அக்கடவுச்சீட்டில் உள்ள ஆங்கிலத்தைப் படிப்பது மொழிப்பாடம். அதில் உள்ள தேதியையும் துறைமுகத்தையும் ஆராய்வது வரலாற்றுப் பாடம். அதன் படியொன்றை எடுத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் கையில் தந்து, இதைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அவர் அதைத் தாமே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அந்தப் பொழுதில் அவர் மீண்டும் மாணவராகிறார். வேண்டுவது அதுவே.